கடலில்லாக் கடற்கரையூர்: திருவண்ணாமலையை முன்வைத்து

சிறிய கடற்கரையூர்கள் மனிதரை ஏன் இழுக்கின்றன என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகள் எல்லாம் தண்ணீரையே சுற்றி வருகின்றன: காற்று, அலை, வறுத்த மீன். இவை துணைக் காரணங்களே என்பது இவ்வாய்வின் துணிபு. தரங்கம்பாடிக்குப் போகிறவர் டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிறார். மிச்சப் பொழுதெல்லாம் கரையில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன பண்றீங்க என்று யாரும் கேட்பதில்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஊரின் ஒரு பக்கத்தை மிகப் பெரிய பொருள் ஒன்று அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பார்த்தபடி சும்மா இருப்பதை ஊரார் ஒரு வேலையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் அமைந்தால் அது கடற்கரையூர். கடல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

சான்று, திருவண்ணாமலை. புதுச்சேரிக் கடலுக்கும் இதற்கும் நடுவே செஞ்சிக் கோட்டை உட்பட ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நிலம் கிடக்கிறது. ஆயினும் கோயிலுக்குப் பின்னால் 2,668 அடி உயரத்துக்கு மலை நிற்கிறது. அதன் எதிரே வெறுமனே உட்காருவது இங்கே மரியாதைக்குரிய காரியம். வந்தவர் திரும்பிப் போகாமலே தங்கிவிடுவது கடற்கரையூரின் முதல் இலக்கணம் என்றால், 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் வந்திறங்கி, 1950இல் மறையும்வரை ஊரைவிட்டு நகராத ரமண மகரிஷிக்கு இணையான சான்று எந்தத் துறைமுகத்திலும் கிடையாது. சில மணி நேரம் இருந்துவிட்டுப் போய் நாவலில் சேர்த்துவிடுவது இரண்டாம் இலக்கணம். 1938இல் வந்த சாமர்செட் மாம் ஆசிரமத்தில் மயங்கி விழுந்தார். 1944இல் நாவல் வந்துவிட்டது.

இனி ஓதம். ஆய்வின் உயிர்நாடி இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். பௌர்ணமிக்குக் கடல் பொங்கும், திருவண்ணாமலையும் பொங்கும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பொழுது சாயச் சாயச் சனம் ஏறும். மலையை வலப்பக்கம் வைத்தே நடக்க வேண்டும் என்பதால் நீரோட்டம் எப்போதும் ஒரே திசைதான். எதிர்நீச்சல் போட்டவர் பாடு திண்டாட்டம். இராத்திரியில் உச்சம், விடியலில் வடிதல். வடிந்த பின் ஓரமெல்லாம் பேப்பர் கப்பும் வாழைப்பழத் தோலும் ஒதுங்கிக் கிடக்கும், மெரினாவுக்குச் சற்றும் குறையாமல். செருப்பில்லாத கால் என்ற கடற்கரை ஒழுக்கமும் உண்டு. ஈசான்ய லிங்கத்தருகே ஒரு கடைப் படியில் உட்கார்ந்து குதிகாலில் ஏறிய கல்லை நகத்தால் நெம்பிக்கொண்டிருக்கிறார் ஒரு மூதாட்டி. பக்கத்தில் சுக்குக் காபி ஆறிக்கொண்டிருக்கிறது. "இன்னும் எவ்ளோ தூரம் ஆயா?" என்கிறான் பேரன். "தோ, வந்துட்டுதுடா" என்கிறார். இதையே அவர் அக்னி லிங்கத்திலும் சொல்லியிருப்பார் என்பது நம் ஊகம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கடல் அமாவாசைக்கும் பொங்குமே, திருவண்ணாமலை பொங்குவதில்லையே? மறுப்பாளர் வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். அமாவாசைக் கூட்டம் கிழக்கே சற்றுத் தள்ளி மேல்மலையனூரில் ஏறுகிறது. நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சலைச் சுற்றி நிற்க இடமிருக்காது. ஆக வட்டாரத்தின் ஓதக் கணக்கு நேராகிவிடுகிறது. இரண்டு ஓதத்துக்கும் பஸ் விடுவது மட்டும் போக்குவரத்துக் கழகத்தின் தலையெழுத்து.

பாதையிலுள்ள எட்டு லிங்கங்களுள் ஒன்று வருணனுடையது. கடலின் அதிபதியை மேற்கே வைத்திருக்கிறார்கள், கடலோ கிழக்கே. திசைக்காவலர் முறைப்படி அது சரிதான் என்பார்கள். அப்படியானால் அவர் மங்களூர்ப் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறார், வங்கக் கடல் இந்திரன் பொறுப்பு என்று கொள்வதைத் தவிர வழியில்லை.

கடலில்லாத குறை முன்னோருக்கும் உறுத்தியிருக்கிறது. ரமணாசிரமத்துக்கு அருகே சமுத்திரம் ஏரி என்றே ஒன்று உண்டு. கடலைப் பார்த்திராத ராணிக்கு அது எப்படியிருக்கும் என்று காட்ட ஒரு ராஜா வெட்டுவித்தது என்று கதை சொல்வார்கள். நல்ல கணவர். ஆனால் மழை பொய்த்தால் ஏரியில் தரை தெரியும். சமுத்திரம் என்று பெயர் வாங்கிய பிறகு இது அழகல்ல.

இரயில்வேயும் நம் கட்சிதான். சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் வரை போய்க்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலைக்கு நீட்டினார்கள். ஒரு முனையில் கடற்கரை என்று பலகை இருக்கிறது. மறுமுனைக்கும் அதே பலகையை மாட்டலாமா என்பது வாரியத்தின் பரிசீலனைக்கு.

எஞ்சிய சான்று வாடகை. கடற்கரையூரில் ஜன்னல் வழியே கடல் தெரிந்தால் ஒரு விலை, பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தால் ஒரு விலை. இங்கே அந்த வேலையை மலை பார்த்துக்கொள்கிறது. கார்த்திகை தீபத்துக்கு அறை தேடிப்போனவரிடம் விடுதிக்காரர் கூசாமல் சொன்னார்: "ரூம்லேர்ந்து தெரியாது சார். மொட்டை மாடி வாட்டர் டேங்க் மேல ஏறினா உச்சி தெரியும். அதுக்குத் தனியா சார்ஜ் இல்ல."