ஸ்டீயரிங்குக்கு வந்த வாதம்

எங்கள் வீட்டு மாருதி 800க்கு பவர் ஸ்டீயரிங் கிடையாது. 1983 டிசம்பரில் அந்த மாடல் வந்தபோது அதை யாரும் கேட்கவுமில்லை. 650 கிலோ சொச்சம் வண்டி, 12 அங்குலச் சக்கரம். இரண்டு கை போதும். போன மழைக்காலத்துக்குப் பிறகு போதவில்லை. முனை திரும்பியதும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரவேண்டும் அல்லவா? இது விட்ட இடத்திலேயே நின்றது. மயிலாப்பூர் மாட வீதியில் ஒருமுறை திருப்பிவிட்டால், கபாலீஸ்வரரை ஆயுள் முழுக்கச் சுற்றவும் அதற்குச் சம்மதம்.

வைத்தியத்துக்கா பஞ்சம்? பஞ்சர் கடைக்காரர் காற்று குறைவு என்றார். முதலில் பார்க்கவேண்டியதும் அதுதான். காற்று இறங்கிய டயர் ரோட்டை விடாது, செலவும் கிடையாது. அடித்தும் பலனில்லை. அலைன்மென்ட் கடையில் அலைன்மென்ட் போயிருந்தது. டயர் கடையில் டயர் போயிருந்தது. மச்சினர் வண்டியே போய்விட்டது என்றார். அவருக்குத் தெரிந்தவர் ஒருவர், பாவப்பட்டு எடுத்துக்கொள்வாராம். யார் எதை விற்கிறாரோ, அதுவே கெட்டிருந்தது.

கடைசியில், மந்தைவெளிப் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு ஷெட். பெரியவர் என் கதை எதையும் கேட்கவில்லை. "டேய், ஜாக்கி போடு" என்றார் பையனிடம். முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் அதே இறுக்கம். காற்று, டயர், அலைன்மென்ட் எல்லாம் அந்த நொடியே விடுதலை. தரையைத் தொடாத டயர் கையை எப்படிப் பிடிக்கும்?

அடுத்து இரண்டு பக்கமும் டை ராடு எண்டைக் கழற்றி, சக்கரத்தை ஸ்டீயரிங்கிலிருந்து பிரித்தார். சக்கரம் லேசாகத் தள்ளியதற்கே திரும்பியது. ஆக, கீழே பால் ஜாயின்ட்டும் மேலே ஸ்ட்ரட் பேரிங்கும் நிரபராதிகள். மிச்சம், சக்கரங்களைத் திருப்பும் ராக்கும், ஸ்டீயரிங்கிலிருந்து அதற்கு இறங்கும் ராடும்தான்.

"சார், நீங்களே மெதுவா சுத்துங்க. எங்கெங்க புடிக்குது?"

ஒரு சுற்றில் இரண்டு இடம், எதிரும் புதிருமாக. அடுத்த சுற்றிலும் அதே இரண்டு இடம்.

"ஒரு சுத்துக்கு ரெண்டு வாட்டின்னா கிராஸ் சார். ராக் இப்படி முறை வச்சுப் புடிக்காது."

ராடு வளைந்து ராக்குக்குப் போகும் இடத்தில் இருக்கும் சின்ன யூனிவர்சல் ஜாயின்ட்டைத்தான் அவர் கிராஸ் என்றார். அதில் ஓர் அச்சு துருப்பிடித்து உறைந்திருந்தது. மழைத் தண்ணீரில் வண்டியை நிறுத்திவைத்த எங்கள் தெருவின் கைங்கரியம். கிரீஸ் அடித்தால் ஆகாதா என்றேன். உள்ளே கிரீஸ் போக வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும் என்றார். "ராக் நட்டை லூஸ் பண்ணித் தரேன்னு எவனாச்சும் சொன்னா ஓடி வந்துருங்க" என்று இலவச உபதேசம் வேறு. கழற்றுமுன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பூட்டும்போது ஒரு பல் மாறினாலும், வண்டி நேராகப் போகையில் ஸ்டீயரிங் கோணலாக முறைக்குமாம்.

ஸ்டீயரிங் குணமாகிவிட்டது, என் தோளுக்குத்தான் அந்தச் செய்தி எட்டவில்லை. அன்று மாலை எங்கள் வாசலில் பழைய பலத்தோடு ஓர் இழுப்பு இழுத்தேன். வண்டி பக்கத்து வீட்டு கேட்டுக்குள் நுழைந்து நின்றது.

மாமி எட்டிப் பார்த்தார். "வாங்கோ வாங்கோ, காபி சாப்பிடறேளா?"