எரியும் விளக்கும் அணைக்கும் கையும்

அசைவு உணரும் விளக்கு என்பது, ஆள் வந்தால் எரிந்து, ஆள் போனபின் சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும் மின்விளக்காகும்; திருடனை விரட்டும், மின்கட்டணத்தைக் குறைக்கும் என்னும் இரண்டு பெருமைகளையும் அதன் அட்டைப்பெட்டி ஒருசேரக் கூறுகிறது. கடைகளில் 'சென்சார் லைட்' என்றே கேட்டு வாங்கப்படும் இவ்விளக்கின் இயல்பை ஆராயப் புகுவோர் முதலில் அறிய வேண்டியது, அதற்குத் திருடனையும் தெரியாது, வீட்டுக்காரரையும் தெரியாது, அசையும் சூடு ஒன்றே தெரியும் என்பதாகும்.

சூடுள்ள பொருள் எதுவாயினும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. முப்பட்டகம் பிரித்துக் காட்டிய சூரிய ஒளியில், சிவப்பு நிறத்துக்கும் அப்பால் ஒன்றுமே இல்லாததாகத் தோன்றிய இடத்தில் வைத்த வெப்பமானி ஏறுவதைக் கண்டு, வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1800ஆம் ஆண்டில் இக்கதிர்களை இனங்கண்டார். மனித உடலிலிருந்து வரும் இக்கதிர்களை, விளக்கில் பாதி எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருக்கும் வெண்ணிற பிளாஸ்டிக் மூடி தன் பல சிறு வில்லைகளால் குவித்து, உள்ளிருக்கும் உணரியின் மீது விழச் செய்கிறது. கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1820களில் உருவாக்கிய வில்லையின் வழித்தோன்றல் இது. கப்பல்களுக்குக் கரை காட்டிய குலத்தில் பிறந்த ஒன்று, இன்று கொல்லைப்புறத்தில் பூனைக்கு வழி காட்டுவதை விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

உணரியில் இரண்டு பகுதிகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டின் மீதும் ஒரே அளவு வெப்பம் விழும்வரை அது வாளாவிருக்கிறது; வெப்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போதுதான் விழித்துக்கொள்கிறது. இதனால் குறுக்கே நடப்பவரை உடனே கண்டுகொள்ளும் இக்கருவி, நேராகத் தன்னை நோக்கி வருபவரை மெதுவாகவே கவனிக்கிறது. அசையாதிருப்பவரை அடியோடு மறந்துவிடுகிறது. குளியலறையில் இதைப் பொருத்தியவர்கள், காரியத்தின் நடுவில் இருள் சூழ, உட்கார்ந்த இடத்திலிருந்தே இரு கைகளையும் தலைக்குமேல் வீச நேர்வது இவ்விதியின் விளைவேயன்றிக் கருவியின் பழுதன்று.

வெப்ப வேறுபாட்டை நம்பிப் பிழைக்கும் இக்கருவிக்குச் சென்னையின் கோடை பெருஞ்சோதனை. மனிதத் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 33 பாகை செல்சியஸ். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த சுற்றுச்சுவர் முன்னிரவில் அதே அளவு சூட்டோடு நிற்குமானால், அதன் ஓரமாக நடப்பவர் கருவியின் கணக்கில் சுவரோடு சுவராகிவிடுகிறார். மார்கழி விடியற்காலையிலோ, கோலமாவுக் கிண்ணத்தோடு வருபவர் வாசற்படியைத் தாண்டும் முன்பே விளக்கு பளிச்சென்று எரிந்து தன் திறமையை நிலைநாட்டுகிறது. தெருநாய்க்கும் பெருச்சாளிக்கும் அது காட்டும் மரியாதையில் குறைவில்லை. இவ்வாறு ஒரே இரவில் பலமுறை எரிந்தால், 'புலி வருது' கதையாக, வீட்டார் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிடுகின்றனர். உண்மையான திருடன் வரும் நாளில் அவனுக்கு டார்ச் விளக்கின் செலவு மிச்சமாகிறது.

சிக்கனத்தைப் பற்றிய கணக்கு இன்னும் சுவையானது. 9 வாட் எல்இடி பல்பு ஒன்று இரவுதோறும் 12 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ ஆறரை யூனிட் ஆகும். சென்சார் பொருத்தி இரவுக்கு ஒரு மணி நேரமே எரிந்தால் அரை யூனிட் போதும். ஆனால் ஆள் வருகிறாரா என்று இரவும் பகலும் காத்திருக்கும் வேலைக்காகக் கருவி அரை வாட் அளவு எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், அதற்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. அதாவது எரிவதைவிட எரியாமல் காத்திருப்பதற்கே மின்சாரம் மிகுதி. மிஞ்சும் ஐந்து யூனிட்டும், முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமே இல்லாத தமிழ்நாட்டில், அந்த வரம்புக்குள் அடங்கும் வீட்டுக்கு ஒரு பைசாவும் தராது. அதே வாசலில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்பு இரண்டு மாதத்தில் 43 யூனிட் குடித்தது என்பதை நோக்கினால், சேமிப்பின் பெரும்பகுதியை எல்இடி பல்பே செய்து முடித்துவிட்டது என்பதும், மீதிக்குப் பெருமை தேடி வந்ததே சென்சார் என்பதும் விளங்கும்.

இக்கட்டுரையாளரின் இல்லத்தில் இவ்விளக்கைப் பொருத்திய எலக்ட்ரீஷியன், இதன் சுவிட்ச் எந்நேரமும் போட்டபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிச் சென்றார். நான்கு இரவுகள் விளக்கு எரியாததால், ஏணி வைத்து ஏறி மூடி துடைக்கப்பட்டது, நேரம், இருள், தொலைவு ஆகியவற்றுக்கான மூன்று திருகிகளும் இயன்ற திசையெல்லாம் திருப்பப்பட்டன, கடைக்காரர் ஏசப்பட்டார். ஐந்தாம் இரவில்தான், ஐம்பது ஆண்டுகளாகப் படுக்கப் போகுமுன் வீட்டின் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டே கண்மூடும் கட்டுரையாளரின் தாயார், வாசல் சுவிட்சையும் அணைத்துவிட்டுத் திரும்புவது கண்டுபிடிக்கப்பட்டது. விளக்கம் கேட்கப்பட்டபோது அவர், "எரியாத லைட்டுக்கு எதுக்குடா சுவிட்ச் போட்டு வைக்கணும்?" என்று வினவினார். மேற்காட்டிய முக்கால் யூனிட் கணக்கின்படி இவ்வினா முற்றிலும் நியாயமானது என்பதால், அதற்கு மறுமொழி கூறப்படவில்லை.

தற்போது அந்த சுவிட்சின் மீது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டப்பட்டுள்ளது. அது இதுவரை மூன்று முறை மாற்றப்பட்டிருக்கிறது.