பட்டை மேலேயா, கீழேயா?

நோர்வேயில் அரசியல் பேசலாம், சமயம் பேசலாம், யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். விறகைப் பற்றி மட்டும் யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். 2013 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இந்த நாட்டு அரச தொலைக்காட்சி 12 மணி நேரம் விறகு நிகழ்ச்சி போட்டது. முதல் 4 மணி நேரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. மிச்ச 8 மணி நேரமும் ஒரு அடுப்பு எரிவதை நேரடியாகக் காட்டினார்கள். பார்த்த சனம் முறைப்பாடும் அனுப்பியது. நிகழ்ச்சி அலுப்படிக்கிறது என்றல்ல. பாதிப்பேர், விறகைப் பட்டை மேலே பார்க்க அடுக்கியது பிழை என்றார்கள். மற்றப் பாதிப்பேர், பட்டை கீழே பார்க்க அடுக்கியது பிழை என்றார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில், வேலியோரம் நின்று, "விறகோ, அது எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லிவிட்டேன் நான். அதுவும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம்.

வாய் சும்மா இருக்கவில்லை என்றாலும் காரணம் இருந்தது. 2021 கடைசியில் ஒஸ்லோப் பக்கம் மின்சார விலை ஏறத் தொடங்கியது. இங்கே வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் கரண்ட்தான். பில் வந்த அன்று வீடு முழுக்க எல்லாருக்கும் காலுறையும் கம்பளிச் சட்டையும் என்று நான் சட்டம் போட்டேன். துருவ வட்டத்துக்கும் அப்பால் துரொம்சோவில் இருக்கிற மச்சானுக்கு அந்தக் கவலை இல்லை. வடக்கில் விலை ஏறவில்லை. "அத்தான், நான் இஞ்ச அரைக்காற்சட்டையோட நிக்கிறன்" என்று படம் வேறு அனுப்பினான்.

அதே மாதங்களில் யாழ்ப்பாணத்தில் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் அம்மாவும் விறகடுப்புக்குத் திரும்பியிருந்தா. ஒரே குடும்பம், ஒரே பிரச்சினை. அம்மா ஒரு வார்த்தை முறைப்படாமல் மூன்று வேளையும் சமைத்தா. நான் இங்கே ஒரு அறையைச் சூடாக்கக் கிளம்பினேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு விறகு என்ன புதிதா? கங்குமட்டை, பன்னாடை, காய்ந்த பாளை, பொச்சுமட்டை, பூவரசங் கொப்பு, விறகுகாலையில் நிறுத்து வாங்கிய கட்டை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் எங்கள் அடுப்பு இவற்றில்தான் எரிந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த வரலாற்றில் என் பங்கு என்ன என்று ஆறுதலாக இருந்து யோசித்தால், விறகு கொத்த வந்த அண்ணைக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். சில நாள் பனங்கட்டியும்.

பிளந்து காய்ந்த விறகு இங்கே கடையில் பைகளில் கிடைக்கும். 40 லீட்டர், 60 லீட்டர் என்று அளவு. "விறகை ஏனப்பா லீட்டரில அளக்கிறாங்கள், ஊத்தித் தருவாங்களோ?" என்று மனிசி கேட்டா. நான் மானஸ்தன், பையில் வாங்கவில்லை. பேர்ச் மரத்தை வெட்டித் துண்டுபோட்ட குற்றிகளாக மலிவாக இறக்கினேன், நானே கொத்துவதாக.

முதல் குற்றியை நிறுத்தி, கோடாலியை ஓங்கி நட்டநடுவில் போட்டேன். கோடாலி உள்ளே போனது. வெளியே வரவில்லை. தூக்கினால் குற்றியும் சேர்ந்து வந்தது. அதை ஆட்டிப் பார்த்தேன், காலால் மிதித்துப் பார்த்தேன், கெட்ட வார்த்தையால் பேசியும் பார்த்தேன். அப்போதுதான் ஆச்சி றப்பர் சப்பாத்தோடு வந்தா. வயது 80ஐத் தொட்டுக்கொண்டிருக்கிறது. "நடுவில கொத்தக் கூடாது. வெடிப்பு எங்க போகுதெண்டு பார், அதில ஓரமாப் போடு. பழைய கார் ரயர் இருந்தால் குற்றியை அதுக்குள்ள நிறுத்து, பிளந்தாலும் சிதறாது. நல்லா உறைஞ்ச நாளாப் பார்த்துக் கொத்து, மரம் தானாப் பிளக்கும்." சொல்லிக்கொண்டே ஒரு போடு போட்டா. குற்றி இரண்டாகப் பிளந்து மரியாதையாக விழுந்தது. என் மகள் கைதட்டினாள். நான் ஓங்கும்போது பின்னுக்குத் தள்ளி நின்றவள் அவள்.

அடுத்த பாடம் ஈரம். மரத்தைக் குளிர்காலத்தில் விழுத்தி, இளவேனிலுக்கு முன் பிளந்து, கோடை முழுக்கக் காயவிட வேண்டும். ஈரப்பதம் 20 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் அது விறகு. நான் ஜனவரியில் பிளந்து ஜனவரியிலேயே எரிக்கத் திட்டம் போட்டிருந்தேன். தண்ணி பட்ட பாடு என்றேனே, பட்டது விறகில்.

சரி, முறையாகப் படித்துவிடுவோம் என்று லார்ஸ் மித்திங் 2011இல் எழுதிய விறகுப் புத்தகத்தை வாங்கினேன். விறகு பற்றிய அந்தப் புத்தகம் இங்கே நாவலுக்குப் போட்டியாக விற்றது. பேர்ச் விறகு காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஒரு முனையில் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைப் பூசி, மறு முனையில் வாயை வைத்து ஊத வேண்டும். காய்ந்திருந்தால் மரத்தின் நரம்பு வழியாகக் காற்றுப் போய்க் குமிழி வரும். யாரும் பார்க்காமல் கொட்டிலுக்குப் பின்னால் முழங்காலில் இருந்து ஊதினேன். கன்னம் வீங்கியது, காது அடைத்தது, குமிழி வரவில்லை. யன்னல் திறந்தது. "இஞ்சேருங்கோ, புல்லாங்குழல் வாசிச்சு முடிஞ்சால் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ."

ஊரில் அடுப்பை ஊதினால் நெருப்பாவது வரும்.

கடைசியில் காய்ந்த விறகைப் பையில்தான் வாங்கினேன், இருட்டினபிறகு. கீழே சுள்ளி, மேலே கட்டை, அடியில் நெருப்பு; அம்மா வைக்கிற மாதிரியே வைத்தேன். புகை வீட்டுக்குள் வந்தது, புகைமணி கத்தியது, ஆச்சியும் வந்தா. இங்கே தலைகீழ். பெரிய கட்டை கீழே, சுள்ளி மேலே, நெருப்பும் மேலே. கீழ்க் கட்டையில் இருந்து எழும்புகிற வாயு மேலே உள்ள சுவாலைக்குள்ளால் போய் எரிந்துவிடுமாம், புகை குறையுமாம். "தலைமாட்டில கொள்ளி வைக்கிறது செத்தவீட்டிலயெல்லோ?" என்று மனிசி தமிழில் முணுமுணுத்தா. ஆச்சி சொன்னபடி வைத்தேன். அழகாக எரிந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

பச்சை விறகை வரும் வருடத்துக்கென்று சுவரோரம் அடுக்கினேன். அந்தக் காலத்தில் விறகடுக்கைப் பார்த்து மாப்பிளையின் குணத்தை எடைபோடுவார்களாம். நல்லவேளை, எங்களுடையது பேச்சுக்கல்யாணம், சாதகத்தோடு முடிந்துவிட்டது. என் அடுக்கு ஒரு பக்கம் சரிந்து, ஒரு நாள் நடுச்சாமத்தில் முழுக்க இறங்கியது. பிள்ளைகள் எல்க் மான் வந்துவிட்டது என்று கட்டிலுக்குள் ஒளித்தார்கள். விடிய, திரும்ப அடுக்கும்போது ஆச்சியைக் கேட்டேன், பட்டை மேலேயா கீழேயா என்று. "மழை படுற மேல் வரிசைக்கு மேலே. மற்றதெல்லாம் உன்ர விருப்பம்" என்றா. அரை நாடு சண்டைபிடித்த விசயம் இவ்வளவுதான்.

ஆச்சியின் அடுக்கு எங்கள் தெருவுக்கே அழகு. ஒரு கட்டை வெளியே நீட்டாது. "உது எத்தனை குளிர்காலத்துக்குக் காணும்?" என்று கேட்டேன்.

"அதை ஆர் எரிக்கிறது? எனக்கு ஹீற் பம்ப் இருக்கு."

"பிறகேன் அடுக்கி வைச்சிருக்கிறியள்?"

"வடிவா இருக்குத்தானே."

மனிசி குசினி யன்னலடியில் நின்றதை நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு இரவே ஹீற் பம்புக்கு விலை கேட்டு எழுதிவிட்டா. அளக்க வந்த பொடியன் வீட்டைச் சுற்றி வந்து, வெளிப்பெட்டி பூட்டத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னான்.

"விறகை எடுத்திட்டால் சரி."