மாமனார் டெபாசிட்

கே: மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன், வருமானம் குறைவு. என்.எல்.சி.யில் ஓய்வுபெற்ற என் டெபாசிட்டைக் காட்டி மகளுக்கு விசா வாங்கலாமா?

– ஒரு மாமனார், 16-ஆம் வட்டம், நெய்வேலி

ப: நீங்கள் வெட்டிய பழுப்பு நிலக்கரி ஊருக்கே வெளிச்சம் தந்திருக்கலாம், தூதரக அதிகாரிக்கு வேண்டியது மாப்பிள்ளையின் வரிக்கணக்கு! ஐ-864 என்ற நிதி ஆதரவு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அந்நாட்டு வறுமைக்கோட்டில் 125 சதவீத வருமானம் வேண்டும். குறைந்தால், அங்கே வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டுப் பொறுப்பேற்கலாம். சென்னையிலிருக்கும் சித்தப்பா செல்லாது.

டெபாசிட்டை மகள் பெயருக்கே மாற்றிவிட்டால் கணக்கில் வரும், பற்றாக்குறையைப் போல் மூன்று மடங்கு இருந்தால். மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: விவாகரத்தானாலும் அந்தக் கையெழுத்தின் பொறுப்பு தீராது. நீங்கள் பார்த்துப் பார்த்துப் போடவைத்த மூன்று முடிச்சைவிட அமெரிக்க அரசு போடும் நாலாவது முடிச்சு இறுக்கம்!