வந்தவன் பேரு ரகசியம்

வா மருமவனே, உக்காரு. இ-சேவை மையம் திறந்துட்டே. வாசல்ல போர்டு, உள்ள பிரிண்டரு, கைரேகை மிஷினு, சுத்துற நாற்காலி. பாக்கச் சந்தோசமா இருக்கு. நேத்து டீக்கடையில நாலு பேரு காதுல விழுற மாதிரி ஒண்ணு சொன்னியாமே? அரசாங்க வெப்சைட்டுல நம்ம விவரமெல்லாம் பத்திரமா இருக்கும், அதுக்குன்னு பிரைவசி பாலிசின்னு ஒரு பக்கமே தனியாப் போட்டிருக்கான்னு? அதைக் கேட்ட பொறவு ராத்திரி எனக்கு நல்ல உறக்கம்.

காலையில எந்திரிச்சதும் பேத்தியைக் கூப்பிட்டு, நம்ம ஜில்லா வெப்சைட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாம வாசிக்கச் சொன்னேன். அதை முழுசாக் கேட்ட ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். எழுதினவனே வாசிச்சிருப்பானான்னு சந்தேகம். ஏன்னா அடுத்த ஜில்லா வெப்சைட்டுலயும் அதே வரிதான், அதுக்கடுத்த ஜில்லாவுலயும் அதே வரிதான். அரசாங்க வெப்சைட்டுன்னா இப்படி இப்படி இருக்கணும்னு மத்திய சர்க்காரு 2009-லயே ஒரு வழிகாட்டி போட்டாச்சு. பிரைவசி பாலிசி கட்டாயம்னு சொல்லியாச்சு. கட்டாயம்னு சொன்னா நம்ம ஆபீஸ்காரன் என்ன செய்வான்? ஒரு இடத்துல எழுதுவான், நூறு இடத்துல ஒட்டுவான்.

குத்தம் சொல்லப்பிடாது, நல்லாத்தான் எழுதியிருக்கான். நீ வந்து பாத்தேன்னா உன் பேரு, போன் நம்பரு, ஈமெயிலு எதையும் தானா எடுக்க மாட்டானாம். நீயாக் கொடுத்தா, எதுக்குன்னு சொல்லித்தான் வாங்குவானாம். வாங்கினதை வெளி ஆளுக்கு விக்க மாட்டானாம். ஐ.பி. முகவரி, எந்த பிரவுசரு, எந்நேரம் வந்தே, எந்தப் பக்கத்தைப் பாத்தே, இவ்வளவுதான் குறிச்சு வைப்பானாம். அது யாருன்னு நோண்ட மாட்டானாம், வெப்சைட்டைச் சேதப்படுத்த யாராச்சும் கை வச்சா ஒழிய. ஐ.பி. முகவரின்னா என்னட்டீன்னு பேத்தியைக் கேட்டேன். நெட்டு கொடுக்கிற கம்பெனி நம்ம லைனுக்குப் போட்டுவிடுற நம்பராம். போலீசு முறைப்படி கேட்டா, அந்த நேரத்துல அது எந்த லைனுன்னு கம்பெனி தேடிச் சொல்லிருமாம். 2022 ஏப்ரல்ல சர்ட்-இன்னுன்னு ஒரு மத்திய அமைப்பு உத்தரவு போட்டிருக்கு: சர்க்கார் ஆபீசோ தனியாரோ, இந்த வருகைப் பதிவையெல்லாம் 180 நாள் பத்திரமா வச்சிருக்கணும்னு. சரி, திருடன் வந்தாத் தேடணும்லா. அதுவும் நியாயந்தான்.

ஆக, பாக்க வாறவனுக்கு மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல. என் சந்தேகம் வேற இடத்துல. அந்த வெப்சைட்டுக்குள்ள ஏற்கெனவே இருக்காளே, மேலத்தெரு முதியோர் பென்சன் வாங்குற கிழவி, அவளுக்கு அந்தப் பக்கத்துல ஒரு வரி உண்டான்னு பேத்தியைத் திரும்பத் தேடச் சொன்னேன். இல்ல தாத்தான்னுட்டா. கிழவி வெப்சைட்டைப் பாக்க வரலையே! அவளுக்குச் செல்போன்ல பச்சைப் பட்டனு, சிவப்புப் பட்டனு ரெண்டுதான் தெரியும். அவ பேரு மட்டும் எப்பவோ உள்ள போயாச்சு.

நம்ம ஊருக் கல்யாண வீட்டுல மொய் வைக்கிறவன் பேரையும் தொகையையும் மைக்குல சொல்லுவாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கு எவ்வளவு கடன்னு எவனும் மைக்குல சொல்ல மாட்டான். சர்க்காரு இதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கு. வந்தவன் பேரு பரம ரகசியம், வீட்டுக்காரன் கடன் கணக்கு மைக்குல.

சும்மா சொல்லல. நூறு நாள் வேலை வெப்சைட்டு இருக்கே, அதுல மாநிலம், ஜில்லா, யூனியன், பஞ்சாயத்துன்னு ஒவ்வொண்ணாத் தொட்டுக்கிட்டே போனா, வேலை அட்டை வச்சிருக்கிறவ பேரு, புருசன் பேரு, எஸ்சியா எஸ்டியாங்கிற பிரிவு, எத்தனை நாள் மண்ணு சுமந்தா, எவ்வளவு கூலி, எல்லாம் வந்துரும். டெல்லியில உக்காந்தும் பாக்கலாம், துபாய்ல உக்காந்தும் பாக்கலாம். பாத்தவன் பேரை மட்டும் கேக்கவே மாட்டான், பாலிசி!

அவசரப்படாதே, அந்தப் பட்டியலைத் தூக்குன்னு நான் சொல்ல வரல. அது எப்படித் திறந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. 1990-கள்ல ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்னு ஒரு கூட்டம், கூலிக்காரங்களும் விவசாயிகளும் சேர்ந்தது, சர்க்கார் வேலையோட வருகைப் பதிவேட்டைக் காட்டுன்னு மல்லுக்கட்டுச்சு. கிடைச்ச நகலை ஊர்ப் பொதுவுல வச்சு உரக்க வாசிச்சாங்க. செத்தவன் பேருல கூலி, ஊருலயே இல்லாதவன் பேருல கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில்லு, எல்லாம் அம்பலமாச்சு. 2005-ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தக் கூட்டத்துல போட்ட விதைதான் பெரிய காரணம். அதனால பட்டியல் வேணும். யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலின்னு ஊரு பாக்கணும். கள்ளக் கணக்கு எழுதுறவன் பயப்படணும். ஆனா கள்ளக் கணக்கைப் பிடிக்க கிழவியோட பேங்க் கணக்கு நம்பரு எதுக்கு? ஆதார் நம்பரு எதுக்கு? அதை எவன் கேட்டான்?

2017 மே மாசம் பெங்களூருல சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டின்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு நாலே நாலு அரசாங்க வெப்சைட்டைத் துழாவிப் பாத்துச்சு. ரெண்டு மத்திய சர்க்காரோடது, ரெண்டு ஆந்திராவோடது. மத்திய சர்க்காரோட ரெண்டுல ஒண்ணு நம்ம கிழவி பென்சன் திட்டத்தோடது, இன்னொண்ணு நூறு நாள் வேலையோடது. நாலுலயும் சேர்த்து 13 கோடி ஆதார் நம்பருக்கு மேல, பத்துக் கோடி பேங்க் கணக்கு நம்பரு வரைக்கும் வெளிய தெரியிற மாதிரிக் கிடந்திருக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. யாரும் பூட்டை உடைச்சு எடுக்கல மருமவனே. ஆபீஸ்காரனே வெளிய போட்டு வச்சிருந்தான்.

பென்சன் வெப்சைட்டு சமாச்சாரத்தைக் கேட்டா நீ சிரிப்பே. அங்க நம்பரையெல்லாம் மறைச்சுத்தான் வச்சிருந்தானாம். ஆனா மேல முகவரி வருதுல்லா, அதுல 'நோ லாகின்'னு ஒரு சொல்லு இருந்துச்சாம். 'நோ'வை எடுத்துட்டு 'லாகின்'னு மட்டும் அடிச்சா, மறைச்சதெல்லாம் தெரியிற கதவு திறந்துக்கிடுமாம். பாஸ்வேர்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம். ரெண்டு எழுத்தை அழிச்சாப் போதும். இதைக் கண்டுபிடிச்சுச் சொன்னவங்களுக்குச் சர்க்காரு பரிசு கொடுத்திருக்கும்னு நினைப்பே. ஆதார் ஆணையத்துலேருந்து கடுதாசி வந்துச்சு, அனுமதி இல்லாம உள்ள போய்ப் பாத்தது யாருன்னு விவரம் கேட்டு! அந்த ஒரு தடவைதான், பாத்தவன் பேரு சர்க்காருக்கு முக்கியமாப் பட்டிருக்கு.

அதே வருசம் ஆணையமே ஒத்துக்கிட்டதுதான்: மத்திய, மாநில சர்க்கார் வெப்சைட்டும் கல்வி நிறுவனத்தோடதும் சேர்த்து சுமார் 210 வெப்சைட்டு, பயனாளி பேரு, விலாசத்தோட ஆதார் நம்பரையும் ஊருக்குக் காட்டியிருக்குன்னு. இத்தனைக்கும் 2016-ல போட்ட ஆதார் சட்டத்துல 29-ம் பிரிவுல, எவன் நம்பரையும் பொதுவுல காட்டப்பிடாதுன்னு எழுதியிருக்கு. அதை மீறினா அப்பப் புகார் கொடுக்கிற உரிமை ஆணையத்துக்கு மட்டுந்தான், நம்பருக்குச் சொந்தக்காரிக்கு இல்ல. அந்தச் சட்டத்தை 2019-லதான் கொஞ்சம் திருத்தினான்.

இதுல என் வயசுக்காரன் ஒருத்தனைப் பத்தி உனக்குச் சொல்லியே ஆகணும். கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்துல நீதிபதியா இருந்து ஓய்வு வாங்கினவரு. 2012-ல ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனப்ப வயசு 86. நம்ம ஊருல 86 வயசுக்காரன் மாத்திரையை எங்க வச்சேன்னு தேடிக்கிட்டு இருப்பான், இவரு அந்தரங்கம் எங்க போச்சுன்னு தேடினாரு. அந்தரங்கம்னு ஒரு அடிப்படை உரிமையே அரசியல் சாசனத்துல கிடையாதுன்னு சர்க்காரு வாதாடுச்சு. 2017 ஆகஸ்ட் 24-ந்தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமிச்சு, உண்டுன்னு தீர்ப்புச் சொன்னாங்க. மனுசன் 98 வயசு வரைக்கும் இருந்துட்டு 2024-லதான் போனாரு. தீர்ப்பு நம்ம பஞ்சாயத்து ஆபீசு வரைக்கும் இன்னும் நடந்துதான் வந்துக்கிட்டு இருக்கு. பஸ்சு கிடைக்கல போலிருக்கு.

அந்தப் பாலிசியில இன்னொரு வரி, விக்க மாட்டோம்னு ஒரு சத்தியம். அதையும் கவனமாக் கேளு. வெப்சைட்டுல நீயாக் கொடுத்ததைத்தான் விக்க மாட்டான். ஆர்டிஓ ஆபீசுல வண்டி பதியும்போது எழுதிக் கொடுத்தே பாரு, அது வேற கணக்கு. வண்டிப் பதிவு, லைசென்சு விவரத்தைத் தனியாருக்குக் கொடுத்து 65 கோடி ரூபா வருமானம் வந்திருக்குன்னு 2019 ஜூலையில மாநிலங்களவையிலயே பதில் சொன்னாங்க. மொத்தமா விலைக்குக் கொடுக்க ஒரு கொள்கையே அந்த வருசம் போட்டான். வருசத்துக்கு மூணு கோடி கட்டினா ஒரு கம்பெனி வாங்கிக்கிடலாம். இதை வச்சு அந்தரங்கம் கெட்டுப்போகும்னு பேச்சு வந்ததும் 2020 ஜூன்ல ரத்துப் பண்ணிட்டான். ரத்துப் பண்ணின பொறவு, வித்ததை எப்படித் திருப்பி வாங்குறது? உன் வண்டி இன்சூரன்சு முடியப்போவுதுன்னு உன்னைவிட முன்னாடி எவனோ ஒருத்தனுக்குத் தெரியுதே, அவனுக்கு எங்கிருந்து போச்சுன்னு கேட்டுப் பாரு, சொல்ல மாட்டான்.

இப்பப் புதுச் சட்டம் வந்தாச்சே மாமான்னு சொல்லப்போறே. வந்திருக்கு. 2023 ஆகஸ்டுல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பர்ல அதுக்கு விதிகள், முக்கியமான பாகம் நடப்புக்கு வர பதினெட்டு மாசம் தவணை. விவரத்தைக் காப்பாத்தாம விட்டவனுக்கு 250 கோடி வரைக்கும் அபராதம். கேக்க இனிக்குது. மானியம், பென்சன்னு கொடுக்கிற இடத்துல சர்க்காரு உன் சம்மதத்தைப் புதுசாக் கேக்க வேண்டியது இல்ல. தனக்கு வேண்டிய அமைப்பைச் சட்டத்துலேருந்தே விலக்கி வச்சுக்கிடவும் மத்திய சர்க்காருக்கு வழி இருக்கு. நீயும் நானும் பொய்ப் புகார் கொடுத்தாப் பத்தாயிரம் வரைக்கும் அபராதம் உண்டு, அதை மறக்காமச் சேர்த்திருக்கான். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 8-ம் பிரிவுல ஒரு கை வைச்சிருக்கான். முன்ன, பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத, இல்லேன்னா ஒருத்தரோட அந்தரங்கத்துல தேவையில்லாம மூக்கை நுழைக்கிற சொந்த விசயத்தை மட்டுந்தான் ஆபீஸ்காரன் மறுக்கலாம். இப்ப, தனிநபர் தகவல்னு ஒரு வார்த்தை சொன்னாலே மறுத்துரலாம். பொதுநலன்னு காட்டி வாதாட இன்னும் ஒரு சந்து இருக்கு, அது வக்கீல் வச்சிருக்கிறவனுக்கு. ரோட்டு காண்டிராக்டு யாருக்கு, பில்லுல கையெழுத்துப் போட்டது யாருன்னு நீ கேட்டா, அந்தரங்கம்னு பதில் எழுத அவனுக்கு வசதி. அந்தரங்கம் வந்துருச்சு மருமவனே, வர வேண்டிய வீடு தெரியாம ஆபீஸ்காரன் வீட்டுக்குள்ள போயிருச்சு.

இவ்வளவும் டெல்லி சமாச்சாரம், எனக்கென்னன்னு எந்திரிக்காதே. உன் கடைக்கு வாறேன். உன் கம்ப்யூட்டருல டவுன்லோடுன்னு ஒரு அறை இருக்காமே, பேத்தி பாத்துட்டு வந்து சொன்னா. ஊரு பூரா ஆதாரும் அதுக்குள்ள பிடிஎஃப்பாக் கிடக்காம். பாஸ்வேர்டு போட்டுத்தானே மாமா இருக்குன்னு சொல்லுவே. அந்தப் பாஸ்வேர்டு பேருல முதல் நாலு எழுத்து, கூடப் பிறந்த வருசம். பேரும் வருசமும் அந்த ஆளோட ஜெராக்ஸுலயே இருக்கு, ஜெராக்ஸு உன் மேசையில இருக்கு. தப்பா விழுந்த பிரிண்டையெல்லாம் எடைக்குப் போட்டு காசு பாக்குறியே, அது எங்க போவுதுன்னு தெரியுமா? போன வாரம் எனக்கு உளுந்த வடை மடிச்சு வந்த தாளு, ஒரு பிள்ளையோட சாதிச் சான்று விண்ணப்பம். எண்ணெயில பாதி அழிஞ்சிருந்துச்சு. மீதிப் பாதியில போன் நம்பரு தெளிவா இருந்துச்சு.

உனக்குக் கஷ்டமான வேலை ஒண்ணும் சொல்லல. ஆள் போனதும் அவன் பிடிஎஃப்பை அழி, குப்பைத்தொட்டியிலேருந்தும் அழி. கெட்ட பிரிண்டைக் கிழிச்சுப் போடு. ஆதார்ல கடைசி நாலு எண்ணு மட்டும் தெரியிற மாதிரி மறைச்ச அட்டை ஒண்ணு ஆணையமே கொடுக்குது, கேக்குறவனுக்கு அதை எடுத்துக் கொடு. 2022 மே மாசம் ஆணையத்தோட பெங்களூரு ஆபீசு, ஜெராக்ஸைக் கண்டவனுக்குக் கொடுக்காதீங்க, மறைச்ச அட்டையைக் கொடுங்கன்னு அறிவிப்புப் போட்டுச்சு. ரெண்டே நாள்ல தப்பா அர்த்தம் பண்ணிக்கிடுவாங்கன்னு வாபஸ் வாங்கிட்டாங்க. நல்ல புத்தியை வாபஸ் வாங்கினாலும் அட்டை வெப்சைட்டுல அப்படியேதான் இருக்கு. கைரேகையைப் பூட்டி வைக்கவும் அங்கேயே வழி உண்டு. கிழவிகளுக்கு அதைச் செஞ்சு கொடு, பென்சன் எடுக்கிற அன்னைக்குத் திறக்கவும் சொல்லிக் கொடு, இல்லேன்னா காசு வரலைன்னு உன் கடை வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துவா.

போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மனு அடிச்சுக் கொடு. பிரைவசி பாலிசி அடியில, குறை இருந்தா எழுதுங்கன்னு ஒரு ஈமெயிலு போட்டிருக்கான். எழுது: பாக்க வாறவருக்குக் கொடுத்த உறுதியைப் பட்டியல்ல இருக்கிறவருக்கும் கொடுங்க. கூலியையும் நாளையும் காட்டுங்க, கணக்கு நம்பரையும் சாதிப் பிரிவையும் எடுத்துருங்க. ஆபீசுல கையெழுத்துப் போட்டவர் பேரை அந்தரங்கம்னு மறைக்காதீங்க. கீழ என் பேரையும் ஊரையும் முழுசாவே போடு, கேக்குறவன் ஒளிஞ்சுக்கிட்டுக் கேக்கப்பிடாது. கட்டணம் போர்டுல போட்டிருக்கிறபடி எவ்வளவோ அதை வாங்கிக்கோ, ரசீது கொடுத்துரு.