பத்தாயிரம் வருசத்துப் பங்காளிச் சண்டை

எங்கள் மாவட்டத்தில் யாரும் சும்மா டிவி பார்ப்பதில்லை. அவரவர் தொழிலும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பார்க்கும். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கு எந்தப் படத்திலும் கதாநாயகி கண்ணில் படுவதில்லை; சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் சிவப்பு கொஞ்சம் விலகியிருப்பதுதான் படும். இப்படிப்பட்ட ஜனங்கள் ஒரு அறிவியல் புனைகதைத் தொடரை, அதிலும் முன்கதைத் தொடரை, உட்கார்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதை 2024 கார்த்திகை, மார்கழியில் திருத்தங்கலில் என் அக்கா வீட்டில் கண்டேன்.

தொடரின் பெயர் ‘டியூன்: ப்ராஃபஸி’. அமெரிக்காவின் ஹெச்பிஓ எடுத்தது, மொத்தம் ஆறு எபிசோடு. அங்கே நவம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது, நமக்கு மறுநாள் திங்கள்கிழமை ஜியோசினிமாவில் வந்தது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. தீபாவளி முடிந்து, மறுபடி பூஜை போட்டு ஆலையைத் திறக்கும்வரை சிவகாசிப் பக்கம் ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அவர்கள் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுவார்கள்.

சந்தா கட்டியவன் அக்கா மகன், என் மருமகன். இன்ஜினியரிங் படிக்கிறான். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965-இல் எழுதிய ‘டியூன்’ நாவலைப் படித்து, வில்நெவ் எடுத்த இரண்டு படங்களையும் மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். மற்றவர்களை டிவி முன்னால் உட்காரவைக்க அவன் சொன்னது ஒரே வார்த்தை: “தபு நடிச்சிருக்காங்க.”

அது போதுமானதாக இருந்தது. ‘காதல் தேசம்’ வந்த 1996-இல் எங்கள் தலைமுறை கல்லூரியில் இருந்தது. ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ வந்தபோது அக்காவுக்குப் புதுக் கல்யாணம். அத்தான் பொதுவாக எதற்கும் தலையைத் திருப்பாதவர். “அஜித்தோட நடிச்சதே, அந்தப் பிள்ளையா?” என்று தாமாகவே சோபாவுக்கு வந்துவிட்டார்.

தொடரில் தபு கடைசிப் பக்கமாகத்தான் வருகிறார் என்பதை மருமகன் யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. கௌரவ வேடத்தில் வருகிறவரைப் போஸ்டரில் பெரிதாகப் போட்டு டிக்கெட் விற்பது நாம் அறியாததல்ல.

முதல் எபிசோடில் எழுத்துப் போட்டார்கள். பால் அட்ரெய்டிஸ், அதாவது நாவலின் நாயகன், பிறப்பதற்கு 10,148 ஆண்டுகளுக்கு முன்.

“பத்தாயிரமா?” என்றார் அத்தை. அத்தானின் அம்மா. இரவு ஒன்பதரை வரைக்கும் எல்லா சீரியலையும் பார்த்து, எந்த வீட்டில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பதை நாள் கிழமையோடு சொல்லக்கூடியவர்.

“பத்தாயிரத்து நூத்தி நாப்பத்தெட்டு ஆச்சி.”

“அப்ப இவுகள்லாம் யாரு?”

“ஹார்க்கோனன் குடும்பம். படத்துல வில்லனா வருவாங்கள்ல, அவங்க முன்னோர். அட்ரெய்டிஸ் குடும்பத்துக்கும் இவங்களுக்கும் பகை.”

“என்ன பகை?”

“இவங்க கொள்ளுத்தாத்தா சண்டையில பயந்து ஓடிட்டாருன்னு அவங்க வீட்டு ஆளு சொல்லிட்டாரு. அதனால இவங்க மானம் போய் ஒரு குளிர்க் கிரகத்துக்குத் துரத்திவிட்டுட்டாங்க.”

அத்தை வெற்றிலையை மென்று முடித்தார். “அதுக்குப் பத்தாயிரம் வருசமா? நம்ம கிழக்குக்காட்டு வரப்புத் தகராறே முப்பது வருசத்துல முடிஞ்சுபோச்சே, ரெண்டு பக்கத்து வக்கீலும் செத்ததுல.”

இந்தத் தொடரைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் படிக்கவில்லை. பத்தாயிரம் ஆண்டுகளில் அந்தப் பிரபஞ்சத்தில் எதுவுமே மாறுவதில்லை. அதே குடும்பப் பெயர்கள், அதே கறுப்பு அங்கி, அதே சிம்மாசனம், அதே பாலைவனம். திருத்தங்கலிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் 2022-இலிருந்து தொல்லியல் துறை தோண்டியது. சங்கு வளையலும் கண்ணாடி மணியும் சுடுமண் பொம்மையுமாக வந்தன. அந்த மண்ணில் சங்கை அறுத்து வளையல் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இன்று அதே சுற்றுவட்டாரம் பட்டாசு ஆலைகள். பத்தாயிரம் வருஷம்கூட வேண்டியிருக்கவில்லை, தொழில், உடுப்பு, பெயர் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டன. விண்கலத்தில் போகிற கூட்டத்துக்கு அங்கியின் கழுத்துப் பட்டைகூட மாறவில்லை.

மருமகனின் புகார் வேறு மாதிரியானது. அவன் புத்தகம் படித்தவன். படித்தவர்களுக்கே உரிய துயரம் அவனுக்கு இருந்தது. இந்தத் தொடர், ஹெர்பர்ட்டின் மகன் பிரையன், கெவின் ஆண்டர்சனோடு சேர்ந்து 2012-இல் எழுதிய ‘சிஸ்டர்ஹுட் ஆஃப் டியூன்’ நாவலைத் தழுவியது. அப்பா எழுதியது வேதம், மகன் எழுதியது வியாபாரம் என்பது அவன் கட்சி. “அப்பா சொத்தை மகன் பிரிச்சு வித்துத் திங்கிறான் மாமா” என்றான். அதை அவன் சொன்னபோது அத்தான் இருமியதற்குக் காரணம் கார்த்திகைப் பனி என்றே வைத்துக்கொள்வோம்.

முன்கதைகளுக்கே ஒரு சாபம் உண்டு என்றும் சொன்னான். 2001-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: எண்டர்பிரைஸ்’ இதற்குச் சாட்சி. கதைப்படி அது 1966-இல் வந்த பழைய தொடருக்கு நூறு வருஷம் முந்தியது. ஆனால் எடுத்தது முப்பத்தைந்து வருஷம் பிந்தி. அதனால் கொள்ளுத்தாத்தா தட்டையான திரையைத் தொட்டுக் கப்பல் ஓட்டினார், கொள்ளுப்பேரன் பொத்தானை அமுக்கி விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். நாலு சீசனோடு 2005-இல் மூடிவிட்டார்கள்.

“அதோட, முடிவு தெரிஞ்ச கதையில என்ன த்ரில் இருக்கு?”

உலகத்து ரசிகர்கள் எல்லா முன்கதைக்கும் வைக்கிற குற்றச்சாட்டு இது. எங்கள் பக்கம் இது மட்டும் செல்லாது. பங்குனிப் பொங்கலுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் போடுவார்கள். முருகன் வள்ளியைக் கட்டுவார் என்பது மேடைக்கு முன்னால் பாயில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்தே மூன்று மணி ஆக்குவார்கள். முடிவு தெரியாததால் அல்ல, நாரதர் இந்த வருஷம் எப்படி மடக்குகிறார் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் கொசுக்கடியோடு உட்கார்ந்திருப்பது. கதை தெரியும் என்பதற்காக எழுந்துபோவதாக இருந்தால் தமிழ்நாட்டில் ராமாயணம் முதல் தலைமுறையோடு நின்றிருக்கும். ஆகவே ‘முடிவு தெரியும்’ என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இன்னும் கதை கேட்கப் பழகவில்லை என்பது என் அபிப்பிராயம். ‘தர்க்கம் சரியில்லை’ என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். டியூனில் தர்க்கம் கிசுகிசுப்பாகவே நடக்கிறது. யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அத்தை நாலு தடவை சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

கிசுகிசுப்பு ஆங்கிலத்தில் வேறு இருந்ததால் மருமகன் உடனுக்குடன் தமிழ்ப்படுத்தினான். இரண்டு பெண்கள் ஐந்து நிமிஷம் தத்துவம் பேசிப் பிரிவார்கள். இவன், “ரெண்டு பேருக்கும் ஆகாது” என்பான். பேரரசர் தூரத்து நட்சத்திரத்தைப் பார்த்து நீளமாக வருந்துவார். “பணம் இல்ல” என்பான். இந்தச் சுருக்கம் அத்தைக்குப் பிடித்திருந்தது. சீரியல்காரர்கள் இவனை வேலைக்கு வைத்தால் ஆயிரம் எபிசோடு ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்றார்.

அவருக்குத் தொடரே பிடித்துப்போனது கல்யாண விஷயத்தால். கதையின் மையத்தில் ஒரு பெண்கள் மடம். எந்த வீட்டுப் பெண்ணை எந்த வீட்டில் கொடுத்தால் எப்படிப்பட்ட வாரிசு பிறக்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுதான், விண்கலத்தோடு. பேரரசர் மகளுக்கு அப்படி ஒரு சம்பந்தம் முடிவாகிறது. மாப்பிள்ளைக்கு ஒன்பது வயது.

“ஒம்பதா?”

“அவங்க வீட்டுல கப்பல் படை தர்றாங்க ஆச்சி.”

“மாப்பிள்ளை வீட்டுலயா சீர் தர்றாக?” அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தைத் திருமணத்தை அவர் கண்டித்தார். ஆனால் சீர் வரும் திசையை நினைத்து அதை மன்னிக்கவும் தயாராக இருந்தார் என்று எனக்குப் பட்டது.

அந்தக் கல்யாண விருந்தில்தான் அத்தான் கதைக்குள் நுழைந்தார். அந்த உலகத்தில் யோசிக்கும் இயந்திரங்களுக்குத் தடை. இயந்திரங்களோடு பெரிய யுத்தம் நடத்தி ஒழித்துக்கட்டியவர்கள் அவர்கள். குட்டி மாப்பிள்ளை தடைசெய்யப்பட்ட பல்லி பொம்மை ஒன்றைச் சபையில் எடுத்து விடுகிறான். எல்லாரும் அலறுகிறார்கள்.

“தடை பண்ணின சரக்கைப் பந்தலுக்குள்ளயா கொண்டாருவாங்க?” என்றார் அத்தான். பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்ட நாள் முதல், தடை என்கிற சொல் காதில் விழுந்தாலே நிமிர்ந்துவிடுவார். பச்சை நிறம் வேண்டுமென்றால் பேரியம் நைட்ரேட், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் என்று தொழில் கற்றவரிடம் பச்சைக்குத் தடை, ஆனால் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி என்றால் அவரும் என்னதான் செய்வார். “அவங்க உலகத்துல பல்லி மாதிரி எங்களுக்குச் சரவெடி” என்று முடித்தார். பிறகு மடத்துப் பெண்களே ரகசியமாக ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் அவருடைய உண்மையான ஆட்சேபம் டெஸ்மண்ட் ஹார்ட் என்கிற வீரனிடம். இவன் பார்வையாலேயே ஆளை உள்ளிருந்து எரிக்கிறான். அதுவும் ஒரு கிரகத்தில் பையன் எரியும்போது வேறு கிரகத்தில் மடத்துப் பெண் ஒருத்தியும் எரிகிறாள்.

“இங்க உரசினா அங்க பிடிக்குதா? நிப்பாட்டு.”

நிறுத்தினோம்.

“திரி எங்க? மருந்து எங்க? வெடியுப்பு இல்லாம, கந்தகம் இல்லாம ஒருத்தன் எப்படி எரிவான்? பாரு, ஆரஞ்சு நிறத்துல கணகணன்னு வருது. அது கரி எரியுற நிறம். அலுமினியம் போட்டிருந்தா வெள்ளையா இருந்திருக்கும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நம்ம கேட்ல தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் வாங்கி வச்சுட்டுத்தான் உள்ள விடுவோம். இவன்கிட்ட எதை வாங்கி வைக்கிறது?”

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மருமகன் மறுபடி ஓடவிட்டான். அந்தப் பையன் கத்தத் தொடங்கியதும் அத்தான் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை அணைத்தார். “கத்துறதுக்கெல்லாம் நேரம் இருக்காதுப்பா” என்று மட்டும் சொன்னார். முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி நடந்த வெடிவிபத்து எங்கள் பக்கத்தில் யாருக்கும் பழைய செய்தியாகவில்லை. அதற்கப்புறம் நடந்தவையும் அப்படித்தான். டெஸ்மண்ட் ஹார்ட் வரும் கட்டங்களை மீதி எபிசோடுகளில் நாங்கள் ஊமைப் படமாகவே பார்த்தோம். நடிகர் நன்றாக நடித்திருப்பதாகத்தான் தெரிகிறது.

இந்தக் கதையை விருதுநகரில் ஒரு கமிஷன் கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். வத்தல், மல்லி, உளுந்து வியாபாரம். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று வாராவாரம் பேப்பரில் வருகிற விலைகளைக் கேட்டு எத்தனையோ ஊரில் கடை திறக்கிறார்கள். அதைத் தீர்மானிக்கிற தெருவில் உட்கார்ந்திருப்பவர். அராக்கிஸ் என்றொரு கிரகம், அங்கே மட்டும் கிடைக்கும் ஸ்பைஸ், அது இல்லாவிட்டால் பேரரசே ஸ்தம்பித்துவிடும் என்று விளக்கினேன். கையிலிருந்த வத்தலைக் காம்புப் பக்கம் கிள்ளி, விதையை உதறிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஒரே இடத்துலதான் விளையுதா?”

“ஆமாண்ணாச்சி.”

“பத்தாயிரம் வருசமா?”

“ஆமா.”

“வேற எங்கயும் விதைச்சுப் பார்க்க ஒருத்தனுக்கும் தோணலியா? இந்த மிளகாயே நம்ம ஊரா? போர்ச்சுகல்காரன் கப்பல்ல கொண்டாந்தது. இப்ப அது இல்லாம உங்க வீட்ல குழம்பு இறங்குமா?” சாக்குக்குள் வத்தலைப் போட்டார். “அவுக யாவாரம் தெரியாத ஆளுக. அதான் சண்டை போட்டுக்கிட்டே இருக்காக.”

அது மணல்புழுவிலிருந்து உண்டாவது, விதைக்க முடியாது என்று சொல்ல நினைத்தேன். கடையில் லோடு இறங்கிக்கொண்டிருந்தது. புழு என்ற சொல்லை வத்தல் கடையில் உரக்கச் சொல்வது மரியாதையல்ல.

தொடரில் அவருக்குப் பிடித்த ஒன்றும் இருந்தது. மடத்துப் பெண்கள் பெரிய வீடுகள்தோறும் உண்மையறியும் பெண் ஒருத்தியை அமர்த்துகிறார்கள். எதிரில் இருப்பவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். “அந்த மாதிரி ஒரு பிள்ளை கிடைச்சா நம்ம கடைக்குச் சொல்லு. வத்தல்ல ஈரம் இல்லேன்னு சத்தியம் பண்றவனை எல்லாம் வரிசையா நிப்பாட்டணும்.” சம்பளம் எவ்வளவு கேட்பாள் என்றும் விசாரித்தார்.

யோசிக்கும் இயந்திரத்துக்குத் தடை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்கிற இயந்திர நாய்க்குட்டி புத்தகம் படிக்கும், மனிதர்களைக் கேலி செய்யும், கடைசியில் சர்வாதிகாரத்தையே அசைத்துப் பார்க்கும். விகடனில் தொடராக வந்து தூர்தர்ஷனிலும் வந்தது. அதில் வளர்ந்த தலைமுறைக்கு இயந்திரம் என்றாலே பாசம்தான் வரும். ஹெர்பர்ட் வீட்டுக் கதையில் அதை அடித்து நொறுக்கிவிட்டுப் பத்தாயிரம் வருஷம் கிசுகிசுக்கிறார்கள். ஒரு ஜீனோ இருந்திருந்தால் இரண்டாம் எபிசோடிலேயே, “உங்கள் கொள்ளுத்தாத்தா ஓடினாரா இல்லையா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டு விஷயத்தை முடித்திருக்கும்.

தபு வந்தார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அக்காவை எழுப்பினோம். வந்து நின்ற மாத்திரத்தில் திரை நிறைந்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். கிசுகிசுத்தாலும் அவர் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்டது. அவர் பாத்திரத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். அத்தான் மட்டும், “இம்புட்டுத்தானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

கடைசி எபிசோடு வருவதற்குள்ளேயே இரண்டாம் சீசன் உண்டு என்று ஹெச்பிஓ அறிவித்துவிட்டது. என் தீர்ப்பு: முதல் சீசனைப் பார்க்கலாம், ஆனால் வீட்டில் அத்தை ஒருவரும் ஃபோர்மேன் ஒருவரும் இருந்தால்தான். தனியாகப் பார்ப்பவர்களுக்கு நான் பொறுப்பில்லை. எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த சீசனை ஆடி மாதத்துக்கும் ஐப்பசிக்கும் நடுவில் மட்டும் வெளியிட்டுவிடாதீர்கள். அப்போது எங்கள் ஊரில் ஆர்டர் நேரம், ஒருத்தரும் டிவி பார்க்கமாட்டோம்.