வார் அறுந்தால் காலை மாற்றலாமா?

பழைய ஸ்பீக்கர் கரகரத்ததும் அதற்கு ஆயுள் முடிந்தது என்று தீர்ப்பெழுதி, அன்று மாலையே ப்ளூடூத் டப்பாவுக்கு ஆர்டர் போடுவது இன்றைய குடும்ப வழக்கம். செருப்பின் வார் அறுந்ததற்காக யாரும் காலை மாற்றுவதில்லை. ஸ்பீக்கருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. முன்வலையைக் கழற்றினால் பெரும்பாலும் கோனைச் சுற்றிய நுரை வளையம்தான் விரல் பட்டதும் பழைய அப்பளமாக உதிரும். பாலியூரித்தேன் நுரை ஈரக்காற்றைக் குடித்தே 15, 20 ஆண்டுகளில் இற்றுப்போகும். காந்தத்துக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. 8 ஓம் ஸ்பீக்கரில் மல்டிமீட்டர் 6 ஓம் சொச்சம் காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயிலும் அறுந்துபோகவில்லை என்று பொருள். வளையத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும்.

“கூலிக்குப் புதிதே வாங்கலாமே?” என்பார்கள். பிளாஸ்டிக் செட்டுக்கு அது நியாயம். காயில் கருகி உதிரியும் கிடைக்காவிட்டால் விடைகொடுப்பதும் நியாயம். ஆனால் அடித்தொனி எழ நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். 8 அங்குல வூஃபர் தள்ளுவதை உள்ளங்கை டப்பா தள்ளாது, அதன் அட்டைப்பெட்டி என்ன முழங்கினாலும். போதாததற்கு அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரின் உண்மையான குற்றம் ஒன்றே: யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காமல் பாடுகிறது.